அத்தியாயம் 6: வாசலில் கைமாறும் பொருள்

இணையத்தில் விளம்பரம் போட்டு, வாங்குபவரையே வீட்டுக்கு வரவழைத்து விற்பதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. அவர் பொருளைக் கண்ணால் பார்க்கிறார், பணம் தருகிறார், எடுத்துக்கொண்டு போகிறார். இந்த மூன்றும் இதே வரிசையில், ஒரே இடத்தில் நடந்து முடிந்தால் இரு தரப்பும் ஏமாற வழி மிகக் குறைவு. ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு எதுவானாலும் அடிப்படை இதுதான். மோசடிகளை எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாமே இந்த வரிசையைக் கலைக்கும் முயற்சிகள். பார்க்காமலேயே பணம் அனுப்புகிறேன் என்பார் ஒருவர். பணம் வந்துகொண்டிருக்கிறது, பொருளை ஏற்றிவிடுங்கள் என்பார் இன்னொருவர். பார்க்க வருபவர் ஒருவர், பணத்தை வாங்கிக்கொள்பவர் வேறொருவர் என்று ஆக்கிவிடுவார் மற்றொருவர். வரிசையைக் காப்பாற்றுவதுதான் விற்பவரின் வேலை. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

விலை வைப்பதையும் படம் எடுப்பதையும் முந்தைய அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். இங்கே விளம்பரம் போட்டபின் முதல் செய்தி வருவதிலிருந்து தொடங்கலாம்.

வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

முதல் செய்தி "இன்னும் இருக்கா?" என்றுதான் வரும். அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் பதில் போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்காக வருத்தப்பட வேண்டாம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு பதிலை எழுதிப் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, கேட்பவர் எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்:

"இருக்கிறது. வேளச்சேரி, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறக்குவதும் வண்டியும் உங்கள் பொறுப்பு. சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை வந்து பார்க்கலாம். பார்த்துப் பிடித்திருந்தால் அங்கேயே பணம், ரொக்கம் அல்லது ஜிபே."

இந்த ஐந்து வரி பெரிய சல்லடை. மாடி, லிஃப்ட், நேரம், பணம் நான்கையும் படித்தபிறகும் "சனிக்கிழமை 11 மணிக்கு வரட்டுமா?" என்று கேட்பவர்தான் உண்மையில் வரப்போகிறவர்.

அடுத்த கேள்வி, "லாஸ்ட் ப்ரைஸ் எவ்ளோ சார்?" வந்து பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்வதுதான் வழக்கம், பெரும்பாலும் அது சரி. ஆனால் ஒருவர் தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு வாடகை வண்டி பிடித்து வரப்போகிறார் என்றால், கடைசி விலைக்கு அருகில் ஒரு தொகையைப் போனிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பேன். அவர் மனதில் 6,000 ரூபாயும் உங்கள் மனதில் 8,500 ரூபாயும் இருந்தால் வாசலில் சங்கடம்தான் மிஞ்சும்; வண்டிக்காரருக்குக் காத்திருப்பு வாடகையும் போகும்.

அதிகம் பேச வேண்டியது பெரிய பொருள்களைப் பற்றி. பழைய பிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் அது குளிர்வதைப் பார்க்க வேண்டும், ஆகவே அவர் வரும்வரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஃப்ரீசரில் பனி கட்டியிருந்தால், அணைத்துத் தூக்கிய சிறிது நேரத்தில் மாடிப்படி முழுக்கத் தண்ணீர் சொட்டும். தூக்குபவரின் கால் வழுக்கும். இதற்கு ஒரு தீர்வு உண்டு. அவர் வருவதற்கு முதல் நாளே பனியை உருக்கித் துடைத்து, பொருள்களை எல்லாம் காலி செய்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். அவர் வந்து கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்க்கட்டும், கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்கட்டும். பணம் கைமாறியபின் அணைத்துவிட்டு, கண்ணாடித் தட்டுகளையும் காய்கறிப் பெட்டியையும் வெளியே எடுத்துத் துணியில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். கதவைக் கயிற்றால் கட்டியபின், நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் படுக்க வைக்க நேர்ந்தால், போய்ச் சேர்ந்ததும் நிமிர்த்தி வைத்து நாலைந்து மணி நேரம் கழித்தே சுவிட்ச் போட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். அது திரும்பி இறங்க அவகாசம் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அன்று மாலையே "ஓடலை சார்" என்று போன் வரும்.

முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது பின்புறம் மாட்டி வந்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டிக் கொடுங்கள். அவை இல்லாமல் குண்டும் குழியுமான சாலையில் போனால் உள்ளிருக்கும் டிரம் ஆடி அடிபடும். ஏசியைப் பொறுத்தவரை, சுவரில் மாட்டியிருக்கும்போதே ஓட்டிக் காட்டிவிட வேண்டும். கழற்றிக் கீழே வைத்த ஏசியைச் சோதிக்க வழியில்லை. கழற்றுவதற்கு டெக்னீஷியன்தான் வர வேண்டும். ஏசியை ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை முதலில் மூடி, கேஸ் உள்ளே இழுக்கப்பட்டபின் தடித்த குழாய் வால்வை மூடி அணைப்பதுதான் முறை. இப்படிச் செய்தால் கேஸ் வெளி யூனிட்டிலேயே தங்கும். அவசரத்தில் குழாயை வெட்டிவிட்டால் எல்லாம் போய்விடும்; வாங்குபவருக்குப் புதிதாக கேஸ் நிரப்பும் செலவு. டெக்னீஷியன் கூலி யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

இடையில் ஒரு விஷயம். வீட்டைக் காலி செய்பவர்கள் அடுப்பையும் சிலிண்டரையும் சேர்த்து விளம்பரம் போடுவதைப் பார்க்கிறோம். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதை விற்க நமக்கு உரிமை இல்லை. அடுப்பை மட்டும் விற்றுவிட்டு, சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கேட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பொருள் வெளியே போக அசோசியேஷனின் அனுமதிச் சீட்டு வேண்டுமா, எந்த லிஃப்ட், எத்தனை மணி வரை என்று முந்தின நாளே செக்யூரிட்டியிடம் கேட்டு வையுங்கள். குட்டியானை வண்டி கேட்டுக்கு வெளியே நிற்க, செயலாளர் போனை எடுக்காமல் இருக்க, தூக்க வந்த ஆட்கள் கூலியை ஏற்றிக் கேட்க, நல்ல விற்பனை பாழாவது இப்படித்தான்.

நேரம் குறிக்கும்போது வருபவரின் நம்பிக்கைக்கும் இடம் கொடுங்கள். ஞாயிறு மாலை எல்லோருக்கும் ஓய்வு, ஆனால் 4.30 முதல் 6 வரை ராகு காலம். பைக் வாங்க வருபவர் அந்த நேரத்தில் சாவியைத் தொடமாட்டார். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களே வெள்ளிக்கிழமை பொருள் வெளியே போகக்கூடாது என்று நினைக்கலாம். முதலிலேயே கேட்டுவிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்ற கடைசி நேரப் போன் வராது. வீடு மாறுவதை ஆடியிலும் மார்கழியிலும் தவிர்ப்பவர்கள் அதிகம். அதனால் கட்டில், பீரோ, பிரிட்ஜ் தேடும் குடும்பங்கள் தை பிறந்ததும், பள்ளி விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்களிலும்தான் கூடுதலாக வரும். மார்கழிக் கடைசியில் போகிக்காக வீட்டை ஒழிப்பவர்கள், விளம்பரத்தை இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் நல்ல விலை கிடைக்கும்.

"எனக்கு எடுத்து வைங்க, அடுத்த வாரம் வர்றேன்" என்பவருக்கு நான் சொல்லும் பதில்: டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் வைக்கிறேன், இல்லையென்றால் முதலில் வந்து பணம் தருபவருக்கு. இதில் கடுமை எதுவும் இல்லை. அட்வான்ஸ் வாங்கினால் எந்தத் தேதி வரை வைத்திருப்பீர்கள், வராவிட்டால் திருப்பித் தருவீர்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள். நேரில் வந்து பார்த்தவரிடம் மட்டும் அட்வான்ஸ் வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

பார்க்காமல் வாங்குகிறவர்

விளம்பரம் போட்ட சில நிமிடங்களிலேயே ஒரு செய்தி வருகிறது. சோபாவுக்கு 12,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள்.

"சோபா எனக்கு ஓகே மேடம். ப்ரைஸும் ஓகே."

"வந்து பார்க்குறீங்களா?"

"நான் ஆர்மில இருக்கேன் மேடம். இப்பதான் சென்னைக்கு போஸ்டிங். என் ஆள் வண்டியோட வந்து எடுத்துப்பான். பேமென்ட் இப்பவே போட்டுடறேன்."

கூடவே சீருடைப் படமும் அடையாள அட்டையும் வரும். பிறகு ஒரு கியூ.ஆர். படம் வரும். "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க மேடம், அமௌன்ட் உங்க அக்கவுன்ட்ல ஏறிடும். முதல்ல ஒரு ரூபா டெஸ்ட் பண்ணிக்கலாம்."

ராணுவம், சி.ஐ.எஸ்.எஃப். என்று சொல்லிக்கொண்டு பல ஆண்டுகளாக இந்தியா முழுவதும் நடந்துவரும் மோசடி இது. சீருடைமீது மக்களுக்கு இருக்கும் மரியாதையை அவர்கள் முதலீடாக்குகிறார்கள். உரையாடலில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். சோபாவின் நீளம் என்ன, துணி கிழிந்திருக்கிறதா, எந்த ஏரியா என்று ஒரு கேள்வியும் இல்லை, பேரமும் இல்லை. நம் ஊரில் பழைய சோபாவைப் பேரம் பேசாமல் வாங்குகிறவர் அபூர்வம். அதுவே போதும், அந்த எண்ணைத் தடை செய்துவிடலாம்.

இதில் மனதில் பதிய வேண்டியது ஒன்று. யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் பின் போடுவதும் பணம் அனுப்புகிறவரின் வேலை. ஒரு ரூபாய்ச் சோதனையில் நிஜமாகவே இரண்டு ரூபாய் திரும்பி வரலாம். நம்ப வைப்பதற்கான செலவு அது. தனிநபரிடம் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் "கலெக்ட் ரெக்வஸ்ட்" வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் கியூ.ஆர். வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆகவே எச்சரிக்கையைத் தளர்த்த வேண்டாம்.

இதன் தம்பி ஒன்று உண்டு. 1,500 ரூபாய்ப் பொருளுக்கு 15,000 வரவு என்று ஒரு எஸ்.எம்.எஸ். வரும். உடனே பதறிய குரலில் போன்: "சைபர் ஒண்ணு கூட அடிச்சிட்டேன் சார், ஆஸ்பத்திரி காசு, மிச்சத்தைத் திருப்பிப் போட்டுடுங்க." அந்த எஸ்.எம்.எஸ். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருக்கும். வங்கியிலிருந்து வருவது அப்படி இருக்காது. கணக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்றும் வந்திருக்காது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. யாரிடம் சொல்வது என்று கூச்சப்பட்டுக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பார்க்க வந்தவர் பணம் கட்டியது யாருக்கு?

பைக், கார், விலையுயர்ந்த போன் விற்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். இங்கே ஏமாற்றுபவர் வாசலுக்கு வருவதே இல்லை.

அவர் உங்கள் விளம்பரத்தின் படங்களை எடுத்துத் தன் பெயரில் குறைந்த விலைக்குப் போடுகிறார். உங்களிடம் 70,000 ரூபாய் வண்டி என்றால் அவர் 50,000 என்கிறார். ஒரு அப்பாவி அதைப் பார்த்து அழைக்கிறார். அவரிடம், "வண்டி என் அண்ணன் வீட்ல இருக்கு, போய்ப் பாருங்க. விலையைப் பத்தி அவர்கிட்ட பேசாதீங்க, எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு" என்கிறார். உங்களிடம், "என் மச்சான் வண்டி பார்க்க வர்றான். அவன்கிட்ட விலை சொல்லாதீங்க, பணம் நான்தான் தரப்போறேன்" என்கிறார். இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே வண்டியின் பக்கத்தில் நின்று, விலையைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறார்கள். அப்பாவிக்கு வண்டி பிடித்துப்போகிறது. அங்கே நின்றபடியே மூன்றாவது ஆளுக்கு 50,000 அனுப்பிவிட்டுச் சாவியைக் கேட்கிறார். உங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அவரோ பணம் கொடுத்தாகிவிட்டது என்கிறார். சண்டை உங்கள் இருவருக்கும்தான்.

இதை உடைப்பது மிக எளிது. யார் பார்க்க வந்தாலும், பொருளைக் காட்டும் முன் விலையைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "இது 70,000. பணம் நேரா என் அக்கவுன்டுக்குத்தான் வரணும். இந்த விளம்பரத்தை நீங்க எங்க பார்த்தீங்க?" விலையைப் பேச வேண்டாம் என்று யாராவது கேட்டுக்கொண்டால் அதுவே அபாய அறிகுறி, முதல் வேலையாகப் பேச வேண்டியது அதைத்தான்.

இதற்கு நெருங்கிய இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. வேறு யாரிடமோ ஏமாற்றிய பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பவைத்து, உங்கள் போனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பணம் இழந்தவர் 1930-க்குப் புகார் சொன்னதும் அந்தத் தொகை போன தடத்தில் இருக்கும் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். எந்தத் தவறும் செய்யாதவர்கள்கூட வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய நேரும். எனவே எதிரில் நிற்பவரின் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "ஃப்ரெண்டு போடறான் ப்ரோ" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நண்பரே நேரில் வரட்டும், அல்லது ரொக்கம் தரட்டும். விற்பனை முடிந்தபிறகும் உரையாடலையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.

வாசலில்

நாளைக் காலை வருகிறேன் என்று உறுதி செய்யும்வரை ஏரியாவும் அருகிலுள்ள அடையாளமும் மட்டும் போதும். கதவு எண்ணும் லொகேஷனும் கிளம்பிவிட்டேன் என்று அவர் சொன்னபின் அனுப்பினால் போதுமானது. கையில் எடுத்துப் போகும் அளவுள்ள பொருளை வீட்டுக்கு வரவழைத்து விற்கத் தேவையில்லை. மெட்ரோ நிலைய வாசல், வங்கிக் கிளை போல ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் பகலில் சந்திக்கலாம். பெரிய பொருளாக இருந்து வீட்டில் தனியாக இருப்பவர் என்றால், பக்கத்து வீட்டு அக்காவையோ உறவினர் ஒருவரையோ அந்த அரை மணி நேரத்துக்கு உட்காரச் சொல்லுங்கள். முடிந்தால் பொருளை முன்கூட்டியே ஹாலுக்கோ பார்க்கிங்குக்கோ கொண்டுவந்துவிடுங்கள். வருபவர் படுக்கையறை வரை நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

குறைகளை நீங்களே காட்டுங்கள். பீரோவின் பின்பக்கத் துரு, பிரிட்ஜின் தளர்ந்த ரப்பர், சோபாவின் அடியில் உடைந்த கட்டை எல்லாவற்றையும் அவர் கேட்கும் முன் நீங்கள் சொல்லிவிட்டால் பேரம் சீக்கிரம் முடியும், மறுநாள் போன் வராது. மறைத்து விற்றதும் மோசடிதான், அது நம் பக்கத்திலிருந்து நடந்தாலும்.

பணம் வந்ததை உறுதி செய்வது அவருடைய போனைப் பார்த்து அல்ல. பச்சை டிக் போட்ட ஸ்கிரீனை அப்படியே போலியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, வரவும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். "பெண்டிங்" என்று இருந்தால் இருவரும் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம். பொருள் படியிறங்க வேண்டாம். நல்ல மனிதர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். யு.பி.ஐ.யில் வழக்கமான நாள் வரம்பு 1 லட்சம் ரூபாய். புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் 24 மணி நேரம் 5,000தான். தொகை பெரிதென்றால் முதல் நாளே வரம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரொக்கமென்றால் அவர் எதிரிலேயே எண்ணுங்கள். 500 ரூபாய்த் தாளைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். கட்டில் நாலைந்து தாளை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். கார் விற்பவர்களுக்கு: வருமான வரிச் சட்டப்படி ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது.

போன், பைக், கார்

போன் என்றால் முதலில் கணக்குகளை நீக்குங்கள், பிறகுதான் ரீசெட். கூகுள் கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்த போன் மறுபடி அதே கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் "ஃபைண்ட் மை" வசதியை அணைக்க வேண்டும். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பில்லும் பெட்டியும் ஒத்துப்போவதைக் காட்டுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்கீழ் குற்றம், ஆகவே வாங்குபவர் பில் கேட்பது நியாயம். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணை அவர் சரிபார்க்க விரும்பினால் பொறுமையாக இருங்கள்.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்பார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்காதீர்கள். பைக் என்றால் வந்தவரின் ஓட்டுநர் உரிமத்தையும் அவர் வந்த வண்டியின் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார் என்றால் பக்கத்து சீட்டில் நீங்கள் உட்காருங்கள்.

வண்டி விற்பனையில் மட்டும், பொருள் போனதோடு வேலை முடிவதில்லை. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். விற்றுவிட்டேன், பணம் வாங்கிவிட்டேன் என்று சொன்னாலும் விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து "நீங்களே மாத்திக்குங்க" என்று அனுப்பிவிடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்தப் படிவம் மூன்று கை மாறி, வண்டி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல், அபராதச் சலான் மட்டும் உங்கள் போனுக்கு வந்துகொண்டிருக்கும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயர், முகவரியை உங்கள் எதிரிலேயே நிரப்பி இருவரும் கையெழுத்திடுங்கள். கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். விற்ற 14 நாளுக்குள் நீங்களும், 30 நாளுக்குள் வாங்கியவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. கூடவே ஒரு டெலிவரி நோட் எழுதி இரண்டு பிரதி எடுங்கள்: "இந்தப் பதிவெண் கொண்ட வாகனத்தை, இந்தத் தேதி காலை 11.20 மணிக்கு, இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டு ஒப்படைத்தேன். இதன்பின் வரும் அபராதம், விபத்து, வழக்கு அனைத்தும் வாங்குபவரின் பொறுப்பு." தேதியோடு நேரமும் இருக்கட்டும், அன்று மாலையே வண்டி எங்காவது மோதினால் அந்த நேரம்தான் பேசும். அவருடைய அடையாள அட்டை நகலையும், வண்டியோடு அவர் நிற்கும் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரிலிருந்து ஃபாஸ்டேக் ஒட்டியை எடுத்து, வங்கியில் அதை மூடிவிடுங்கள்; இல்லாவிட்டால் அவருடைய சுங்கக் கட்டணம் உங்கள் கணக்கில் போகும். காப்பீட்டில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போவதில்லை. அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்த காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று கேட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தை அன்றே நீக்கிவிட்டு, காலண்டரில் முப்பதாவது நாளைக் குறித்து வையுங்கள். அன்று எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் வாங்கியவருக்குப் போன் செய்யுங்கள், வாட்ஸ்அப்பிலும் எழுத்தாக அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் டெலிவரி நோட் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.